காசு வாங்கினால் ஓடக்கூடாது: பிரிட்டிஷ் தடகளத்தின் நூறாண்டு வழக்கு

1956 ஆகஸ்ட். லிவர்பூல் மாரத்தான் தொடங்கப் போகிறது. வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில் நீளமான ஓவர்கோட் போட்ட ஒருவர் நிற்கிறார். துப்பாக்கி வெடித்ததும் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடுகிறவர்களோடு சேர்ந்துகொள்கிறார். மார்பில் எண் கிடையாது, பட்டியலில் பெயரும் கிடையாது. பத்திரிகைகள் அவரைப் 'பேய் ஓட்டக்காரர்' என்று எழுதின. அதன் பிறகும் பல ஊர்களில் இதே கதைதான். தம்பியின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வருவார், துப்பாக்கி வெடித்ததும் குதித்து ஓடுவார்.

ஜான் டாரன்ட் என்ற அந்த மனிதர் செய்த குற்றம் இதுதான்: பதின்ம வயதில் சில குத்துச்சண்டைகளில் இறங்கி, மொத்தம் 17 பவுண்டு வாங்கியிருந்தார். பின்னாளில் தடகள கிளப்பில் சேர விண்ணப்பித்தபோது அதை மறைக்காமல் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். எந்த விளையாட்டிலாவது காசு வாங்கியவர் 'அமெச்சூர்' ஆக முடியாது, அமெச்சூர் இல்லாதவர் எந்தப் பந்தயத்திலும் ஓட முடியாது. 1958-ல் மனமிரங்கி உள்நாட்டில் ஓட விட்டார்கள். நாட்டின் சார்பில் ஓடும் உரிமையை மட்டும் கடைசிவரை தரவில்லை. 40 மைல், 100 மைல் தூரங்களில் உலக சாதனை படைத்த அவர், பிரிட்டனின் சட்டையை ஒரு முறைகூடப் போடாமலே 1975-ல் புற்றுநோயில் இறந்துபோனார். வயது 42.

17 பவுண்டுக்கு ஏன் இத்தனை பிடிவாதம்? இதற்குப் பதில் தேடப் போனால் பிரிட்டிஷ் தடகளத்தின் மொத்த வரலாறும் கூடவே வந்துவிடுகிறது. ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் முதலில் ஓடிய ரோஜர் பானிஸ்டரும், நடுத்தூர ஓட்டக்காரர் செபாஸ்டியன் கோவும் வாங்கிய புகழுக்கு அடியில், 'யார் ஓடலாம்?' என்ற வழக்கு நூறு வருஷத்துக்கு மேல் நடந்துகொண்டே இருந்தது.

இதில் வேடிக்கை, இங்கிலாந்தில் ஓட்டம் வளர்ந்ததே காசால்தான். 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் அங்கே கொடிகட்டிப் பறந்த விளையாட்டுக்குப் 'பெடஸ்ட்ரியனிசம்' என்று பெயர். நடையோ ஓட்டமோ, பணம் கட்டிச் செய்வது. பிரபுக்கள் தங்கள் வேலைக்காரர்களை ஓடவிட்டுப் பந்தயம் கட்டினார்கள். சில பிரபுக்கள் தாங்களே இறங்கினார்கள். ஸ்காட்லாந்து நிலச்சுவான்தார் கேப்டன் ராபர்ட் பார்க்ளே 1809-ல் நியூமார்க்கெட்டில் ஒரு சவால் எடுத்தார்: 1000 மணி நேரத்தில் 1000 மைல், மணிக்கு ஒரு மைல் வீதம், 1000 கினி (அந்தக் கால இங்கிலாந்துத் தங்க நாணயம்) பந்தயம். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் மணிக்கு ஒரு மைல் என்றால் 42 நாளைக்கு முழுத் தூக்கம் கிடையாது. ஒரு மணி நேரத்தின் கடைசியில் ஒரு மைல், அடுத்த மணி நேரத்தின் தொடக்கத்திலேயே இன்னொரு மைல் என்று சேர்த்து நடந்து, நடுவில் ஒன்றரை மணி நேரம் கண்ணயர்வது அவர் கண்டுபிடித்த வழி. ஜூன் 1-ல் ஆரம்பித்து ஜூலை 12-ல் முடித்தார். பெருங்கூட்டம் பார்த்தது, பெரும்பணம் கைமாறியது.

பணம் புரளும் இடத்தில் தில்லுமுல்லும் வரும். வேண்டுமென்றே மெதுவாக ஓடி அடுத்த பந்தயத்தில் முன்னால் நின்று தொடங்கும் சலுகையை வாங்கிக்கொள்வது, பொய்ப் பெயரில் இறங்குவது, யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே பேசி முடிப்பது எல்லாம் நடந்தன. உச்சக்கட்டம் 1887 செப்டம்பரில் மேற்கு லண்டனின் லில்லி பிரிட்ஜ் மைதானத்தில். ஹாரி ஹட்சன்ஸ், ஹாரி ஜென்ட் என்ற இரண்டு பேர்பெற்ற வேக ஓட்டக்காரர்கள் மோதுவதாக விளம்பரம். ஆயிரக்கணக்கானோர் டிக்கெட் எடுத்து உள்ளே வந்துவிட்டார்கள். பந்தயப் பணம் கட்டிய கோஷ்டிகளுக்குள் தகராறு. ஓட வேண்டிய இருவரும் களத்துக்கே வரவில்லை. கூட்டம் மைதானத்தை உடைத்து, கொளுத்திவிட்டுப் போனது. அந்த மைதானம் அதற்குப் பிறகு எழவே இல்லை.

இந்தச் சூதாட்டச் சந்தையிலிருந்து விலகி நிற்க விரும்பிய கனவான்கள் தங்களுக்கென்று ஓர் ஓட்டத்தை ஏற்கெனவே உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். ஆக்ஸ்போர்டின் எக்ஸெட்டர் கல்லூரியில் 1850-ல் மாணவர்கள் குதிரைப் பந்தயத்தைக் காப்பியடித்து, வேலியும் ஓடையும் தாண்டி வயல்வெளியில் ஓடினார்கள். இன்றைய ஒலிம்பிக் ஸ்டீபிள்சேஸின் வேர்களில் ஒன்று அது. 1864-ல் ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் தடகளத்தில் மோதிக்கொண்டன. தனியார் பள்ளிகளில் இது தொற்றுநோய் மாதிரிப் பரவியது. நம் ஊர்ப் பள்ளிகளில் ரெட் ஹவுஸ், புளூ ஹவுஸ் என்று பிரித்து ஸ்போர்ட்ஸ் டே நடத்துகிறோமே, அந்தப் பழக்கமும் அங்கிருந்து கப்பலேறி வந்ததுதான்.

1866-ல் லண்டனில் அமெச்சூர் அத்லெடிக் கிளப், சுருக்கமாக ஏ.ஏ.சி., பிறந்தது. அமெச்சூர் என்பவர் யார் என்று அது ஒரு விளக்கம் எழுதி வைத்தது. பணத்துக்காகப் போட்டியிட்டவர் கூடாது, பணம் வாங்கும் ஆட்களோடு போட்டியிட்டவர் கூடாது, உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவர் கூடாது. இதுவரை சரி, ஒரு கொள்கை என்று ஒப்புக்கொள்ளலாம். அப்புறம்தான் விஷயம் வருகிறது: மெக்கானிக், கைவினைஞர், கூலியாள், இவர்களும் கூடாது. ஒரு கொல்லர் வாழ்நாளில் ஒரு பைசா பரிசு வாங்காவிட்டாலும், கொல்லர் என்பதாலேயே வெளியே. உடலால் உழைப்பவனுக்கு உழைப்பே பயிற்சியாகிவிடும், மேசையில் உட்காருபவன் அவனோடு போட்டியிடுவது நியாயமில்லை என்று இதற்கு ஒரு சமாதானமும் சொன்னார்கள். படித்தால் சிரிப்பு வருகிறது. பிறப்பையும் தொழிலையும் வைத்து ஆளைத் தள்ளி வைக்கும் கலையில் நமக்கும் பழக்கம் உண்டு என்பதால் சிரிப்பு சட்டென்று நின்றும்விடுகிறது.

எல்லோரும் அப்படி இல்லை. வேல்ஸ் எல்லைக்குப் பக்கத்தில், ஷ்ராப்ஷயரில் மச் வென்லாக் என்ற சின்ன ஊர். அங்கே வில்லியம் பென்னி புரூக்ஸ் என்ற டாக்டர், ஊர்மக்களின், குறிப்பாக உழைக்கும் மக்களின் உடலும் அறிவும் மேம்பட வேண்டும் என்று 1850-ல் 'வென்லாக் ஒலிம்பியன் விளையாட்டுகள்' தொடங்கினார். ஓட்டம், தாண்டுதல், கிரிக்கெட், கால்பந்து, இவற்றோடு கிழவிகளுக்கு ஓர் ஓட்டப்பந்தயம்கூட உண்டு. பரிசு ஒரு பவுண்டு தேயிலை. 1890-ல் பின்னாளில் நவீன ஒலிம்பிக்கைத் தொடங்கிய பியர் தெ கூபர்தான் என்ற பிரெஞ்சுக்காரர் அங்கே வந்து பார்த்துவிட்டுப் போனார், பாராட்டி எழுதவும் செய்தார். ஆறு வருஷத்தில் ஏதென்ஸில் நவீன ஒலிம்பிக் நடந்தபோது புரூக்ஸ் உயிரோடு இல்லை. சில மாதங்களுக்கு முன்புதான் காலமாகியிருந்தார். வென்லாக் விளையாட்டுகள் இன்றும் நடக்கின்றன. 2012 லண்டன் ஒலிம்பிக்கின் ஒற்றைக்கண் பொம்மைச் சின்னத்துக்கு வென்லாக் என்று பெயர் வைத்தது இதை நினைவில் வைத்துத்தான்.

புரூக்ஸும் நண்பர்களும் 1866-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் எல்லாருக்குமான ஒரு பெரிய போட்டி நடத்தினார்கள். அதில் 440 கஜம் தடை ஓட்டத்தில் ஜெயித்த 18 வயதுப் பையனைக் கிரிக்கெட் ரசிகர்களுக்கு நன்றாகத் தெரியும்: டபிள்யூ. ஜி. கிரேஸ். ஓவல் மைதானத்தில் ஆட்டமிழக்காமல் 224 ரன் அடித்துவிட்டு, ஆட்டம் முடியும் முன்பே கேப்டனிடம் அனுமதி வாங்கிக்கொண்டு வந்து ஓடி ஜெயித்தார். இதே கிரேஸ் கிரிக்கெட்டில் 'அமெச்சூர்' என்ற பெயரில் வாழ்நாள் முழுக்க நன்றாகவே சம்பாதித்தார், யாரும் அவரைத் தள்ளி வைக்கவில்லை. விதி யாருக்காக எழுதப்பட்டது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை.

ஏ.ஏ.சி. தன் சாம்பியன்ஷிப்பை வசந்த காலத்தில், ஆக்ஸ்போர்டு கேம்பிரிட்ஜ் படகுப் பந்தயத்தையொட்டி வைத்தது. பல்கலைக்கழகப் பையன்களுக்கு அது வசதி, வேலைக்குப் போகிறவனுக்கு வசதியில்லை. வடக்கிலும் மத்திய இங்கிலாந்திலும் கிளப்புகள் பெருகின, முணுமுணுப்பும் பெருகியது. 1879-ல் இரண்டு போட்டிச் சாம்பியன்ஷிப்புகள் தனித்தனியே நடக்கும் அளவுக்குப் பிளவு வந்துவிட்டது. அப்போது கிளெமன்ட் ஜாக்சன், மான்டேக் ஷியர்மன், பெர்ன்ஹார்ட் வைஸ் என்ற மூன்று ஆக்ஸ்போர்டுக்காரர்கள் நடுவில் புகுந்தார்கள். 1880 ஏப்ரல் 24 அன்று ஆக்ஸ்போர்டின் ராண்டால்ஃப் ஹோட்டலில் கூடி அமெச்சூர் அத்லெடிக் அசோசியேஷனை, அதாவது ஏ.ஏ.ஏ.வை, உருவாக்கினார்கள். ஒரு நாட்டின் தடகளத்துக்கென்று உலகில் அமைந்த முதல் ஆட்சி அமைப்பு அதுதான். சாம்பியன்ஷிப் கோடைக்கு மாறியது. கொல்லரையும் கூலியாளையும் விலக்கிய வரி போனது. காசு வாங்கியவரை விலக்கிய வரி அப்படியே இருந்தது.

இது பாதி வெற்றி. ஆனாலும் அந்தப் பாதியில்தான் இன்றுவரை நிற்கும் ஒன்று முளைத்தது: கிளப். பிரிட்டிஷ் தடகளக் கிளப்புகளின் பெயர்களைப் பார்த்தால் 'ஹாரியர்ஸ்' என்று முடிவதைக் கவனிக்கலாம். ஹாரியர் என்பது முயல் வேட்டை நாய். பள்ளிப் பையன்கள் ஆடிய ஓர் ஆட்டத்திலிருந்து வந்த பெயர் இது. முன்னால் ஓடும் 'முயல்கள்' காகிதத் துண்டுகளை வழியெல்லாம் போட்டுக்கொண்டே போவார்கள், பின்னால் 'நாய்கள்' அந்தத் தடத்தைப் பிடித்துத் துரத்துவார்கள். 1868-ல் தொடங்கிய தேம்ஸ் ஹேர் அண்ட் ஹவுண்ட்ஸ்தான் உலகின் மிகப் பழைய கிராஸ் கன்ட்ரி கிளப். 1877-ல் பர்மிங்ஹாமில் பிறந்த பர்ச்ஃபீல்ட் ஹாரியர்ஸ் நாட்டின் பெரிய கிளப்புகளில் ஒன்றாக வளர்ந்தது. 2000 சிட்னியில் ஹெப்டத்லான் என்ற ஏழு பிரிவுப் போட்டியில் தங்கம் வாங்கிய டெனிஸ் லூயிஸ் அந்தக் கிளப்பின் ஆள். பள்ளிக்கூடமோ அரசாங்கமோ இதில் மையம் கிடையாது. தெருக்கோடியில் ஒரு கிளப், வாரத்தில் இரண்டு மாலைப் பயிற்சி, சனிக்கிழமை போட்டி, கவுண்டி அளவில் ஒரு சாம்பியன்ஷிப், அதற்கு மேல் வட்டாரம், அதற்கு மேல் தேசம். குமாஸ்தாக்களும் கடைச் சிப்பந்திகளும் தொழிலாளிகளும் நிரப்பிய ஏணி அது.

சரி, அந்தக் காசு விதி யாரையெல்லாம் தின்றது என்று பார்க்கலாம்.

வால்டர் ஜார்ஜ், மருந்துக்கடைப் பயிற்சியாளர். 1884-ல் ஒரு மைலை 4 நிமிடம் 18.4 நொடியில் ஓடினார், அமெச்சூர்களில் அவரை மிஞ்ச ஆளில்லை. தொழில்முறை ஓட்டக்காரர்களில் ஸ்காட்லாந்தின் வில்லியம் கம்மிங்ஸ் முதலிடம். இருவரும் மோதினால் என்னவாகும் என்று நாடே கேட்டது. தன் பங்குப் பணத்தை ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிடுகிறேன், ஓட விடுங்கள் என்று ஜார்ஜ் கேட்டார். ஏ.ஏ.ஏ. மறுத்தது. ஜார்ஜ் அமெச்சூர் பட்டத்தைத் தூக்கிப் போட்டார். 1886 ஆகஸ்ட் 23, அதே லில்லி பிரிட்ஜ் மைதானம். மைதானம் எரிய இன்னும் ஒரு வருஷம் இருந்தது. கடைசிச் சுற்றில் கம்மிங்ஸ் துவண்டு விழ, ஜார்ஜ் 4 நிமிடம் 12¾ நொடியில் முடித்தார். உலகில் எந்த ஓட்டக்காரரும் அடுத்த 29 வருஷம் அதைவிட வேகமாக ஒரு மைல் ஓடவில்லை.

அதே 1886, அதே லண்டன். ஜூலையில் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜில் நடந்த ஏ.ஏ.ஏ. சாம்பியன்ஷிப்பில் 100 கஜத்தைச் சரியாக 10 நொடியில் ஓடினார் ஆர்தர் வார்ட்டன். இன்றைய கானாவின் அக்ராவில் பிறந்த கறுப்பினத்தவர், மதபோதகராகப் பயிற்சி பெற இங்கிலாந்து வந்தவர். அப்புறம் தொழில்முறை ஓட்டக்காரராகவும், கால்பந்து கோல்கீப்பராகவும் போனார். உலகின் முதல் கறுப்பினத் தொழில்முறைக் கால்பந்து வீரர் என்று இன்று கொண்டாடப்படுகிறார். கடைசிக் காலத்தில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை. 1930-ல் இறந்தபோது யார்க்ஷயரின் எட்லிங்டனில் பெயர்ப்பலகை இல்லாத குழியில் புதைத்தார்கள். அந்தக் கல்லறைக்குக் கல் வைத்தது 1997-ல்.

கால்பந்து 1885-லேயே தொழில்முறையை ஏற்றுக்கொண்டுவிட்டது. ரக்பி, தொழிலாளிக்கு இழந்த கூலியைத் தரலாமா என்ற சண்டையில் 1895-ல் இரண்டாக உடைந்தது. கிரிக்கெட் 'ஜென்டில்மென்', 'பிளேயர்ஸ்' என்று இரண்டு சாதியாகப் பிரித்து, ஆனால் ஒரே அணியில் ஆட வைத்து, 1962 வரை ஓட்டியது. தடகளம் மட்டும் உடையவும் இல்லை, வளையவும் இல்லை. ஏன்? கால்பந்துக்கு வாராவாரம் டிக்கெட் வாங்கும் கூட்டம் இருந்தது, கிளப்புகளுக்குச் சம்பளம் கொடுக்கக் கட்டுப்படியானது. தடகளத்தில் கூட்டம் ஒரு நட்சத்திரத்தின் மோதலுக்கு வரும், மறுவாரம் வராது என்பது என் ஊகம். அதோடு 1896-க்குப் பிறகு ஒலிம்பிக்கும் அமெச்சூர் கொடியைப் பிடித்துக்கொண்டது. விதியை மீறினால் போவது உள்ளூர்க் கோப்பை மட்டுமில்லை, ஒலிம்பிக்கும்தான்.

ஸஸெக்ஸ் கிராமத்துக் கட்டட வேலையாள் ஆல்ஃப்ரட் ஷ்ரப் 1904 நவம்பர் 5 அன்று கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் ஒரே ஓட்டத்தில் வரிசையாகப் பல உலக சாதனைகளைத் தகர்த்தார். 10 மைலை 50 நிமிடம் 40.6 நொடியில் கடந்தார். சீக்கிரமே பணம் வாங்கினார் என்று அவருக்கும் ஆயுள் தடை. 1908-ல் ஒலிம்பிக் லண்டனுக்கே வந்தபோது, நாட்டின் தலைசிறந்த நெடுந்தூர ஓட்டக்காரர் களத்தில் இல்லை.

அந்த 1908 ஒலிம்பிக் என்றால் எல்லோரும் மாரத்தானைச் சொல்வார்கள்: வின்ஸர் கோட்டையிலிருந்து அரசப் பார்வையாளர் மாடம் வரை அளந்ததால் வந்த 26 மைல் 385 கஜம், தள்ளாடி விழுந்து தூக்கி விடப்பட்டதால் பதக்கம் இழந்த இத்தாலியர் டொராண்டோ பியட்ரி. ஆனால் அதற்கு முந்தின நாள் நடந்த 400 மீட்டர் இறுதி இன்னும் விநோதம். பிரிட்டனின் லெஃப்டினன்ட் விண்டம் ஹால்ஸ்வெல்லை அமெரிக்கர் கார்ப்பென்டர் வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டே ஓடினார் என்று நடுவர்கள் முடிவுக் கோட்டு நூலையே வெட்டிவிட்டார்கள். கார்ப்பென்டர் நீக்கப்பட்டார், மறுஓட்டம் என்று அறிவிப்பு. மற்ற இரண்டு அமெரிக்கர்கள் வர மறுத்தார்கள். ஹால்ஸ்வெல் தடத்தில் தனியாக ஓடி, 50 நொடியில் தங்கம் வாங்கினார். நடுவர்கள் எல்லாம் பிரிட்டிஷ்காரர்களே, அமெரிக்க விதிப்படி அந்த மறிப்பு அத்தனை பெரிய தப்பும் இல்லை. நாட்டுக்கு நாடு விதி மாறினால் என்னாகும் என்பதற்கு இது பாடமானது, உலகத் தடகள அமைப்பு 1912-ல் உருவானதற்கு இந்த மாதிரிச் சண்டைகளும் காரணம். ஹால்ஸ்வெல் 1915-ல் பிரான்ஸ் போர்முனையில் கொல்லப்பட்டார்.

இடையில் நமக்குச் சம்பந்தப்பட்ட ஒரு சின்ன வழக்கு. கல்கத்தாவில் பிறந்த நார்மன் பிரிட்சார்டு 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் 200 மீட்டரிலும் 200 மீட்டர் தடை ஓட்டத்திலும் வெள்ளி வாங்கினார். அதற்குச் சில நாள் முன்புதான் லண்டனில் ஏ.ஏ.ஏ. சாம்பியன்ஷிப்பில் ஓடியிருந்தார். ஒலிம்பிக் கமிட்டியின் கணக்கில் அந்தப் பதக்கங்கள் இந்தியாவுக்கு, பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர்கள் பலர் கணக்கில் பிரிட்டனுக்கு. சண்டை இன்னும் முடியவில்லை.

1924 பாரிஸ் ஒலிம்பிக் கதை 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்' என்ற திரைப்படமாகிப் பிரபலமானது என்பதால் விரிவாகச் சொல்லத் தேவையில்லை. ஹெரால்டு ஆப்ரகாம்ஸ் 100 மீட்டரில் தங்கம். ஞாயிற்றுக்கிழமை ஓட மாட்டேன் என்று அதே 100 மீட்டரை விட்டுக்கொடுத்த எரிக் லிடெல் 400 மீட்டரில் தங்கம். நான் நிறுத்திப் பார்ப்பது ஆப்ரகாம்ஸின் பயிற்சியாளர் சாம் முஸபீனியை. ஆப்ரகாம்ஸின் அடி நீளத்தையும் கடைசி நொடி உடல் சாய்வையும் உட்கார்ந்து செதுக்கியவர் அவர். ஆனால் பயிற்சி கொடுத்துப் பணம் வாங்கியவர் என்பதால் அதிகாரபூர்வ இடம் எதுவும் கிடையாது. மைதானத்துக்குப் பக்கத்து ஹோட்டல் அறையில் காத்திருந்தார். ஜன்னல் வழியாக பிரிட்டிஷ் கொடி ஏறுவதைப் பார்த்துத்தான் தன் பையன் ஜெயித்தது தெரிந்தது. சந்தோஷத்தில் தன் வைக்கோல் தொப்பியைக் குத்திக் கிழித்துவிட்டார் என்பார்கள். காசு வாங்காத மாணவருக்குப் பதக்கம், காசு வாங்கிய ஆசானுக்கு ஹோட்டல் அறை.

பெண்களின் கதையில் பணம் வரும் முன்பே கதவு மூடியிருந்தது. ஏ.ஏ.ஏ. பெண்களைச் சேர்த்துக்கொள்ள மறுத்ததால் 1922-ல் அவர்கள் தங்களுக்கென்று தனிச் சங்கம் வைத்துக்கொண்டார்கள். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் முதல்முறையாகப் பெண்களுக்குத் தடகளம் வந்தது, அதுவும் வெறும் ஐந்து போட்டிகள். இது போதாது என்று பிரிட்டிஷ் பெண்கள் ஒட்டுமொத்தமாகப் போகவே மறுத்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் இப்படி ஒரு புறக்கணிப்பு சாதாரணத் துணிச்சல் இல்லை. ஆனால் அதிகம் பேசப்படாத விஷயமாகவே இருக்கிறது.

டாரத்தி ஓடம், 1936 பெர்லினில் 16 வயதில் உயரம் தாண்டுதலில் வெள்ளி. தங்கம் வாங்கியவரும் இவரும் தாண்டிய உயரம் ஒன்றே. சமநிலையைத் தீர்க்கப் பிற்காலத்தில் வந்த விதி அப்போது இருந்திருந்தால் தங்கம் இவருக்கே. போர் வந்தது, கல்யாணம் ஆனது, இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். 1948 லண்டனில் டாரத்தி டைலராக வந்து மறுபடி வெள்ளி, மறுபடியும் ஜெயித்தவருக்குச் சமமான உயரம். போருக்கு முன்னும் பின்னும் ஒலிம்பிக் தடகளப் பதக்கம் வாங்கிய ஒரே பெண் இவர்தான். பிரிட்டிஷ் பெண்ணுக்குத் தடகளத் தங்கம் கிடைக்க 1964 டோக்கியோ வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மேரி ராண்ட் நீளம் தாண்டுதலில் 6.76 மீட்டர், உலக சாதனை. சில நாள் கழித்து ஆன் பாக்கர் 800 மீட்டரில் 2 நிமிடம் 1.1 நொடி, அதுவும் உலக சாதனை. பாக்கர் உண்மையில் 400 மீட்டர் ஆள். அதில் வெள்ளிதான் கிடைத்தது. 800-ஐ விட்டுவிட்டுக் கடைவீதிக்குப் போகலாமா என்றுகூட நினைத்திருந்தார். தன் போட்டியில் பதக்கம் தவறிய காதலருக்காக ஓடுவோம் என்று இறங்கியவர் ஜெயித்துவிட்டார். 22 வயதில் ஓய்வும் பெற்றுவிட்டார்.

பானிஸ்டருக்கு வருவோம். 1954 மே 6, ஆக்ஸ்போர்டின் இஃப்லி ரோடு, சாம்பல் கொட்டிய தடம். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துக்கும் ஏ.ஏ.ஏ.வுக்கும் நடந்த சாதாரண ஆட்டம். காலையில் லண்டன் ஆஸ்பத்திரியில் வேலையை முடித்துவிட்டு ரயிலேறி வந்தார். காற்று பலமாக இருந்ததால் நான்கு நிமிடத்துக்குள் மைல் ஓடும் முயற்சியை விட்டுவிடலாமா என்று கடைசிவரை தயக்கம். சர்ச் கோபுரத்துக் கொடி தணிவதைப் பார்த்து முடிவெடுத்தார். முதலில் கிறிஸ் பிராஷர் வேகம் கொடுத்தார், அப்புறம் கிறிஸ் சாட்டவே. நேரத்தை அறிவித்த நாரிஸ் மெக்வர்ட்டர் வேண்டுமென்றே இழுத்து இழுத்துப் படித்தார். "மூன்று..." என்றதுமே மீதி கூச்சலில் மூழ்கிவிட்டது. 3 நிமிடம் 59.4 நொடி. 46 நாளில் ஆஸ்திரேலியாவின் ஜான் லாண்டி அதை முறியடித்தார். ஆகஸ்டில் வான்கூவரில் இருவரும் நேருக்கு நேர் மோதியபோது பானிஸ்டரே ஜெயித்தார். அந்த வருஷமே ஓட்டத்தை விட்டு நரம்பியல் மருத்துவத்துக்குப் போய்விட்டார்.

படித்தவன், பொழுதுபோக்காக ஓடியவன், காசு தொடாதவன் என்று இதை அமெச்சூர் மேன்மைக்குச் சான்றாக இன்றும் காட்டுவார்கள். உள்ளே பார்த்தால் கதை வேறு. அவர் டிரெட்மில்லில் ஆக்ஸிஜன் ஆராய்ச்சி செய்தவர். கடைசி மாதங்களில் ஆஸ்திரியாவிலிருந்து வந்த ஃபிரான்ஸ் ஸ்டாம்ப்ஃபலின் பயிற்சி இருந்தது. வேகம் கொடுக்க இரண்டு ஆட்கள் திட்டம் போட்டு ஓடினார்கள். சம்பளம் ஒன்றைத் தவிர எல்லாமே தொழில்முறைத் தயாரிப்புதான். அந்தச் சாதனை நடந்து இரண்டே வருஷத்தில், லிவர்பூலில் டாரன்ட் ஓவர்கோட்டைக் கழற்றினார். ஆக்ஸ்போர்டுப் பட்டதாரிக்குக் காசில்லாமல் ஓடுவது ஒரு நிலைப்பாடு. அன்றாடக் கூலியில் குடும்பம் நடத்துபவனுக்கு அது கட்டுப்படியாகாத ஆடம்பரம்.

1970-களின் முடிவில் நடுத்தூர ஓட்டம் பிரிட்டிஷ்காரர்களின் கையில் வந்தது. கோ 1979-ல் 41 நாளில் 800 மீட்டர், மைல், 1500 மீட்டர் மூன்றிலும் உலக சாதனை படைத்தார். பிரைட்டன் சந்தையில் கடை போட்ட குடும்பத்துப் பையன் ஸ்டீவ் ஓவெட். படித்த, நாசூக்கான கோ எதிர் முரட்டு ஓவெட் என்று பத்திரிகைகள் இதற்கும் வர்க்கச் சாயம் பூசின. கோவின் தாய்வழித் தாத்தா ஒரு பஞ்சாபி என்பது அந்தப் படத்தில் எங்கும் வரவில்லை. மாஸ்கோ 1980-ல் கோவின் 800-ஐ ஓவெட் வென்றார், ஓவெட்டின் 1500-ஐ கோ வென்றார். 1981 ஆகஸ்டில் பத்தே நாளில் மைல் சாதனை கோ, ஓவெட், மறுபடி கோ என்று மூன்று முறை கைமாறியது. அந்த ஜூனில் கோ ஃபுளோரன்ஸில் ஓடிய 800 மீட்டர், 1 நிமிடம் 41.73 நொடி, 16 வருஷம் முறியடிக்கப்படாமல் நின்றது.

தொலைக்காட்சி இத்தனைக்கும் பணம் கொட்டியது. போட்டி நடத்துபவர்கள் கவரில் வைத்து ரகசியமாகக் கொடுப்பது ஊரறிந்த சங்கதி. கடைசியில் 1982-ல் உலக அமைப்பு ஒரு சமரசத்துக்கு வந்தது: பணம் வாங்கலாம், ஆனால் அறக்கட்டளைக் கணக்கில் போட வேண்டும், செலவுக்கு எடுத்துக்கொள்ளலாம். அமெச்சூர் என்ற சொல்லை வைத்துக்கொண்டே பொருளைக் கழற்றிவிட்ட சாமர்த்தியம். டாரன்ட் இறந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. 1985-ல் கிரிஸ்டல் பேலஸில் தென்னாப்பிரிக்காவில் பிறந்து பிரிட்டனுக்காக ஓடிய ஸோலா பட் ஒரே ஓட்டத்துக்கு 90,000 பவுண்டு வாங்கினார். உலக அமைப்பு தன் பெயரிலிருந்து அமெச்சூரை எடுத்தது 2001-ல்.

பணம் வெளிப்படையாக வந்த பிறகு எல்லாம் சுகம் என்று நினைக்க வேண்டாம். பழைய சங்கங்களை ஒன்றுசேர்த்து 1991-ல் அமைந்த பிரிட்டிஷ் அத்லெடிக் ஃபெடரேஷன் 1997-ல் திவாலாகி நிர்வாகிகள் கைக்குப் போனது. ஊக்கமருந்துக் குற்றச்சாட்டிலிருந்து பிற்பாடு விடுவிக்கப்பட்ட டயான் மோடால் தொடுத்த வழக்கின் செலவு அதற்கு ஒரு காரணம். அதற்கு முந்தின வருஷம் அட்லாண்டாவில் தடகளத்தில் ஒரு தங்கம்கூட இல்லை. 1997 முதல் தேசிய லாட்டரிப் பணம் வீரர்களுக்கு நேரடியாகப் போகத் தொடங்கியது, 1999-ல் யுகே அத்லெடிக்ஸ் வந்தது. 2004 ஏதென்ஸில் கெல்லி ஹோம்ஸுக்கு இரட்டைத் தங்கம். 2012 ஆகஸ்ட் 4 இரவு லண்டனில் ஒரு மணி நேரத்துக்குள் ஜெசிகா என்னிஸ், கிரெக் ரதர்ஃபோர்டு, மோ ஃபரா என்று மூன்று தங்கம். தன் உண்மைப் பெயர் ஹுசைன் அப்தி காஹின், சிறுவனாக இருந்தபோது வேறொருவன் பெயரில் இங்கிலாந்துக்குக் கடத்திக்கொண்டு வரப்பட்டவன் என்று ஃபரா 2022-ல் வெளியே சொன்னார். அவருக்குள் ஓட்டக்காரர் இருப்பதைக் கண்டுபிடித்தது பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர். அங்கிருந்து அவர் போன இடம் வழக்கமான இடம்தான்: ஒரு கிளப்.

இன்று ஓடுகிற நட்சத்திரத்துக்கு ஸ்பான்சர், லாட்டரி, பரிசுப் பணம் எல்லாம் உண்டு. ஆனால் எந்த ஊர் ஹாரியர்ஸ் போட்டிக்குப் போனாலும் நீளம் தாண்டும் மணல்குழியை வாரிச் சமன்படுத்துபவர், மழையில் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு நிற்பவர், ஓட்டத்தைத் தொடங்கி வைக்கத் துப்பாக்கியோடு ஏணியில் ஏறுபவர் எல்லோரும் தொண்டூழியர்கள். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள், ஒரு காலத்தில் அதே கிளப்பில் ஓடியவர்கள். அவர்களுக்கு ஒரு டீயும் சாண்ட்விச்சும் கிடைக்கும், பெட்ரோல் காசு சில இடங்களில் உண்டு, சில இடங்களில் கிடையாது.